வெறுங்கொக்கி

கொக்கி தொங்கவில்லை. நேராக நீண்டு, துறைமுக வாயைச் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றது.

அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி பின்தளத்தில் அப்படியே நின்றாள். விடிந்து வெகுநேரமாகிவிட்டது. ஜெட்டிச் சுவரைத் தண்ணீர், நாய் நக்குவதுபோல, சப்பு சப்பென்று நக்கிக்கொண்டிருந்தது. டீசல் வாடையும், பக்கத்துப் படகில் கொட்டிய மீன்கழிவின் வாடையும், புதிதாக அடித்த சிவப்புப் பெயின்டின் வாடையும் ஒன்றுகூடி மூக்கில் ஏறின. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, அந்தக் கொக்கியைத் தவிர. வளர்ந்த ஓர் ஆளின் எடை இருக்கும் அந்த இரும்புக்கு. வடம் மாட்டிக் கப்பலை இழுக்கும்போதுதான் அது விறைத்துக்கொண்டு நிமிரும். வடத்தைக் கழற்றிவிட்டால் கீழே இருக்கும் சட்டத்தின் மேல் சரிந்து, தாகமெடுத்த மாட்டின் நாக்கைப்போலத் தொங்கிவிடும். இப்போது அதில் வடம் இல்லை. வடம் சுருட்டி வைத்த இடத்திலேயே தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. ஆனால் இரும்புக்குள் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அந்த நடுக்கம் அவளுக்குப் புதிதல்ல. இழுவைப்படகு ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து தெரிந்ததுதான். மறுமுனையில் பாரம் இருக்கிறது என்று வடம் சொல்லும் நடுக்கம்.

டணாரென்று கொக்கி விழுந்தது.

"என்னத்தைப் போட்டு உடைக்கிற?" பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே அவள் புருஷன் கீழறையிலிருந்து தலையை நீட்டினான்.

"கொக்கி தானா நின்னுச்சுங்க."

"துரு. கிழட்டு இரும்பு. கிரீஸ் வச்சா உன்னை மாதிரி சொன்னபடி கேக்கும்." கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

படகின் பெயர் எருமை. கடற்படை வைத்த எண் ஒன்று முகப்பில் இருந்தது. மூன்று தடவை பெயின்ட் அடித்தும் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எத்தனை பெரிய அலை மோதினாலும் எருமை மாட்டின்மேல் மழை பெய்ததுபோலக் கிடப்பதால், கடற்படைக்காரர்களே வைத்த பட்டப்பெயர் அது. கடற்படை அதைக் கழித்துவிட்டபோது இவர்கள் ஏலத்தில் எடுத்தார்கள். அவள்தான் கேப்டன். புருஷன் தளத்தில் வடம் மாட்டுவான், கழற்றுவான். அவன் தம்பி, அவளுடைய கொழுந்தன், கீழே இன்ஜினோடு மல்லுக்கட்டுவான். "வீட்லயும் பொண்டாட்டி சொல்றதுதான், கடல்லயும் பொண்டாட்டி சொல்றதுதான். என்னை மாதிரி பாக்கியசாலி எவன் இருக்கான்?" என்று புருஷன் ஜெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான். சொல்லும்போது அவன் முகத்தில் இருக்கும் பெருமையை அவள் தெரியாததுபோல் ரசிப்பாள்.

நாலாவது ஆளை எல்லோரும் பதக்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். இதே படகில் கடற்படைக் காலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படகின் நாடிநரம்பு தெரிந்தவர் என்று புருஷன்தான் பிடித்துக்கொண்டு வந்தான். வயதானாலும் புஜம் இன்னும் கட்டையாக இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெண்கலப் பதக்கம். குளிக்கும்போதுகூட அதைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் குளிப்பார் என்று கொழுந்தன் சத்தியம் செய்வான்.

அன்று மத்தியானம் வேலை முடித்து வெறும் படகாகத் திரும்பி வரும்போது எருமை திணறியது. அவளுக்குக் கால் வழியாகவே தெரிந்தது. பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு, புகைபோக்கி கரியாக இருமியது. சுக்கான் அறையில் அவள் காதருகே இருந்த பித்தளைப் பேச்சுக்குழாய் வழியே கொழுந்தனின் குரல் கீழிருந்து ஏறி வந்தது.

"அண்ணி, எதை இழுத்துட்டு வர்றீங்க? இன்ஜின் நாக்குத் தள்ளுது."

"எதையும் இல்லடா. வெறும் படகு."

"வெறும் படகா? கீழ வந்து சத்தத்தைக் கேளுங்க."

அவள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தளத்தில் புருஷன் டயர்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், அவன் பார்க்காத இடத்தில், கொக்கி நிமிர்ந்து நின்றது. காலையில் நின்றதைவிடச் சற்று மேல்நோக்கி. தூரத்தில் இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் கிட்டே வந்துவிட்டதுபோல.

சாப்பிடும்போது அவள் பதக்கத்திடம் கேட்டாள். "ஐயா, இந்தக் கொக்கியில உங்க காலத்துல ஏதாவது நடந்துச்சா?"

ரொட்டியை மீன் குழம்பில் முக்கிக்கொண்டிருந்த பதக்கம் முகம் மலர்ந்தார். எத்தனையோ நாளாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நடந்துச்சாவா? இந்த எருமை இல்லேன்னா இந்த ஊரே இல்ல தாயி. போர்க்கப்பல்னா என்ன நினைச்ச? கடல்ல புலி. துறைமுகத்துக்குள்ள வந்தா கைக்குழந்தை. தானா நிக்கவும் தெரியாது, திரும்பவும் தெரியாது. நாங்கதான் இடுப்புல வச்சு உக்கார வைக்கணும். எத்தனை கப்பல், எத்தனை வருஷம்! அதெல்லாம் ஒரு பக்கம். யுத்தம் நடந்தப்ப ஒரு கப்பல் வந்துச்சு. வயிறு முழுக்கக் குண்டு. கட்டி நிறுத்தின இடத்துலயே பின்பக்கம் தீ பிடிச்சுக்கிச்சு. வெடிச்சா துறைமுகம் காலி, பின்னாடி இருக்கிற தெருவெல்லாம் காலி. இழுத்துட்டுப் போய் வெளிய விடுன்னு உத்தரவு. யார் போவா? எருமை போச்சு."

"ஆளுங்களை இறக்கிட்டீங்களா?" என்றான் கொழுந்தன்.

"எங்க இறக்க? நேரம் ஏது? முன்பக்கம் எல்லாரும் மந்தை மாதிரி நின்னாங்க. அலைதடுப்புச் சுவரைத் தாண்டிட்டோம். தீ நடுக் கப்பலுக்கு வந்துடுச்சு. இழுத்தது போதும், வெட்டிவிட்டுட்டு ஓடி வான்னு அடுத்த உத்தரவு. அதுக்குள்ள அவனுங்க வடத்தைப் பிடிச்சு இறங்க ஆரம்பிச்சுட்டானுங்க. கைக்குக் கை மாத்தி, தொங்கிக்கிட்டு, வரிசையா எங்களைப் பார்த்து வர்றானுங்க. முதல்ல வந்தவன் சமையல்காரன். இடுப்புல வெள்ளைத் துணி. இதோ, அந்தக் கதவு தூரத்துல அவன் முகம். கோடரி என் கையில."

கொழுந்தன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"பாரத்துல இருக்கிற வடத்தை வெட்டினா அது சும்மா விழாது தாயி. சாட்டை. அந்தப் பக்கமா திரும்பி, வரிசையா வந்தவங்க மேல வழிச்சுட்டுப் போச்சு. தலை, கை, எது யாருதுன்னு சொல்ல முடியாது. தண்ணி ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்ச நேரத்துல கப்பல் வெடிச்சுது. ஊர் பிழைச்சுது." சட்டைப்பையைத் தட்டினார். "இது சும்மா வரல." பிறகு அவள் தட்டைப் பார்த்தார். "மீன் வேணாமா உனக்கு? இப்படித் தள்ளு."

அவர் முள்ளை ஒவ்வொன்றாக உருவி, தட்டின் ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டு முடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் பாரம் கிட்டே வந்தது. கொக்கியின் கோணத்தை வைத்து அவள் கணக்குப் போட்டாள். எந்தக் கேப்டனும் அப்படித்தான் போடுவாள். வடம் நீளமாக இருந்தால் கொக்கி தண்ணீரைப் பார்க்கும். வடம் சுருங்கச் சுருங்க, மறுமுனையில் இருக்கும் கப்பலின் உயரத்தைப் பார்த்து அண்ணாந்துகொண்டே போகும். இப்போது அது அண்ணாந்திருந்தது. கூடவே ஒரு சத்தம். ஈரமான நார் இறுகி முறுகும் சத்தம், பழைய கட்டிலில் கனமான ஆள் புரண்டு படுப்பதுபோல. கூடவே ஒரு வாடை. கருகிய பெயின்ட் என்று புருஷன் சொன்னான். பெயின்ட் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அடுப்பில் குனியும்போது முன்மயிர் பொசுங்கினால் வருமே, அந்த வாடை.

பிறகு விரல்கள் போயின.

ஜெட்டியில் கட்டியிருந்தபோதுதான். வெயில் சுள்ளென்று அடித்த முற்பகல். புருஷன் கொக்கிக்கு அடியில் கையை விட்டுக் கிரீஸ் தடவிக்கொண்டே எதையோ சீட்டியடித்துக்கொண்டிருந்தான். சீட்டி நின்றது. அவள் திரும்பினாள். கொக்கி விறைத்து நிமிர்ந்திருந்தது. அதன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே அவன் இடது கை. அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து, கையையே வியப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு மெதுவாக, நிதானமாக இறுகியது. கொட்டைப்பாக்கு உடைவதுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. அதன் பிறகுதான் கத்தினான். கொழுந்தன் கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்புவதற்குள் கொக்கி தானாகவே விழுந்துவிட்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் கிரீஸில் ஒட்டிக் கிடந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்த அன்று அவள் சொன்னாள், "வேணாங்க. இந்தப் படகை விட்டுடலாம்."

"விட்டுட்டு?"

"வேற வேலை பாப்போம். வேற ஒருத்தர் படகுல நான் ஓட்டுறேன்."

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும். இதை நம்பித்தான் எல்லாத்தையும் வித்தோம்." கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவள் கன்னத்தில் வைத்தான். மருந்து வாடை அடித்தது. "எட்டு விரல் இருக்கு. உன்னைப் பிடிச்சுக்க அது போதும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அவள் படகில் ஏறியபோது பதக்கம் தளத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தீயணைப்புக் கோடரியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். சர்ர், சர்ர். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"எதுக்கு ஐயா இது?"

"துரு பிடிச்சிருந்துச்சு," என்றார். அவர் கண் கொக்கியின் மேலேயே இருந்தது.

அன்று அலைதடுப்புச் சுவருக்கு வெளியே ஒரு மணல் படகு காத்திருந்தது. அதை உள்ளே இழுத்துவர வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கிளம்பினார்கள். சுவரைத் தாண்டும் வரை வெளிச்சமாகத்தான் இருந்தது. தாண்டியதும் பனிமூட்டம் வந்தது. கடலிலிருந்து எழுந்து, அழுக்குப் பஞ்சுபோலக் கண்ணாடியில் ஒட்டி, முகப்பு விளக்கை விழுங்கி, படகின் சங்கொலியை விழுங்கி, கடைசியில் இன்ஜின் சத்தத்தையும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் அமுக்கிவிட்டது. அவள் வேகத்தைக் குறைத்தாள். படகு அதற்கு முன்பே குறைத்திருந்தது.

பேச்சுக்குழாய் கரகரத்தது. "அண்ணி. பாரம்."

"தெரியுது."

"இவ்வளவு பாரம் இதுவரைக்கும் வந்ததில்ல. மலையைக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு. நிறுத்திடட்டுமா?"

"இரு. நான் சொல்றேன்."

பின்கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கொக்கி அண்ணாந்து, பனிக்குள் எதையோ சுட்டிக்கொண்டிருந்தது. வடம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் தளத்தின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. மழை என்று சொல்ல முடியாது. ஒரே கோட்டில் சொட்டு. கொக்கியின் நுனியிலிருந்து படகின் பின்விளிம்பு வரை, வெறும் காற்றிலிருந்து, இறுகிய ஈர வடத்திலிருந்து பிழியப்படும் தண்ணீர் எப்படிச் சொட்டுமோ அப்படி, வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் உலர்ந்திருந்தது. அந்தக் கோடு மட்டும் ஈரம். கருப்பான ஈரம்.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் புருஷன் நின்றான். அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

கொக்கியைத் திறந்துவிடும் கம்பியைப் பிடித்து இழுத்தாள். கீழே கொக்கி வாயைப் பிளந்தது. பாரம் போகவில்லை. ஜன்னலைத் தள்ளிக் கத்தினாள். "அங்கிருந்து வாங்க! வடத்துப் பக்கம் நிக்காதீங்க!"

"வடமே இல்லையே," என்றான் அவன். குரல் சின்னப் பையனுடையதுபோல இருந்தது. "ஆனா ஆளுங்க வர்ற சத்தம் கேக்குது."

அவளுக்கும் கேட்டது. பனிக்குள், உயரத்தில். மூச்சு வாங்கும் சத்தம். ஈரக் கை நாரைப் பற்றும் சத்தம். அடுத்த கை. அடுத்த கை. ஒருவன் அல்ல. வரிசையாக.

பதக்கம் கோடரியோடு வந்தார். ஓடி வரவில்லை, வேலைக்கு வரும் ஆள்போல, கணக்காகக் காலை அகட்டி வைத்து, கொக்கிக்கு அருகே நின்றார். "வந்துட்டானுங்க," என்றார். "ஒரு தடவை வெட்டினவன் மறு தடவை வெட்ட மாட்டேனா?"

"வேணாம் ஐயா!"

கோடரி இறங்கியது. வெறும் காற்றில் நின்றது. பச்சை மரத்தில் விழுந்ததுபோல் சதக்கென்று சத்தம். மறுபடி ஓங்கினார். மறுபடி. கண்ணுக்குத் தெரியாத வடத்தின் புரி ஒன்று அறுந்தது. பட்டென்று காது வலித்தது. இன்னொரு புரி. புருஷன் பாய்ந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தான். "விடுங்க பெரியவரே, விடுங்க..."

வடம் அறுந்தது.

இந்தத் தடவை அது அந்தப் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கம் வந்தது.

காற்றில் ஒரு விசில். அவ்வளவுதான். பதக்கம் நின்ற இடத்தில் இடுப்புவரை நின்றுகொண்டே இருந்தார். மேல்பாதி சுக்கான் அறைச் சுவரில் மோதி, கண்ணாடி முழுக்கச் சிவப்பாக வழிந்து, கீழே விழுந்தது. கோடரி இன்னும் கையில். வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கால்கள் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டு மடங்கின. புருஷனைக் காணவில்லை. அவன் இருந்த இடத்தில் ஒரு காலணி. அதற்குள் எதுவோ இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டாள்.

"இன்ஜினை நிறுத்து!" குழாயில் கத்தினாள். "நிறுத்துடா! அண்ணன் விழுந்துட்டாரு!"

இன்ஜின் அடங்கியது. பனி. அமைதி. படிகளில் சறுக்கி இறங்கி, வழுக்கும் தளத்தில் கையை ஊன்றித் தவழ்ந்து, பின்விளிம்புக்குப் போனாள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை.

"இந்தா." கீழிருந்து குரல். "கை குடு."

டயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கட்டுப்போட்ட கை. மூன்று விரல். அவளுக்கு அழுகை வெடித்தது. குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. இழுத்தாள். கனத்தான், அவளுக்குத் தெரிந்த கனத்தைவிடப் பல மடங்கு கனத்தான். பல்லைக் கடித்து, காலைச் சட்டத்தில் கொடுத்து, தோள் பிய்ந்துவிடும்போல இழுத்தாள். தலை வந்தது. மார்பு வந்தது. வயிறு வந்தது.

அதற்கு மேல் அவன் இல்லை.

இடுப்போடு முடிந்திருந்தான். முடிந்த இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. ரத்தத்தில் நனைந்து, ஆனால் நன்றாக, பழகிய கை கட்டியதுபோல முடிச்சுப் போட்டு. யார் கட்டியது என்று அவள் கேட்கவில்லை.

"குளிருது," என்றான். உதடு நீலமாக இருந்தது. கண் அவளைத்தான் பார்த்தது. அவன் கண்தான். "கரைக்குப் போ. சீக்கிரம். கரைக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிடும்."

பேசுகிறான். பேசுகிற மனுஷனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் வேறு எங்கே ஓடுவது? தார்ப்பாயை இழுத்து அவன்மேல் போர்த்தினாள். நெற்றியில் கையை வைத்தாள். "இதோ போயிடலாங்க. கண்ணை மூடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க." சுக்கான் அறைக்கு ஓடினாள். குழாயில் வாயை வைத்தாள். "முழு வேகம். ஜெட்டிக்கு."

"அண்ணன் கிடைச்சுட்டானா?"

"கிடைச்சுட்டாரு."

"அடியா? நான் மேல வரட்டுமா?"

"வராதே! இன்ஜினை விட்டு நகராதே."

எருமை திரும்பியது. பாரம் இழுப்பதுபோல் இல்லை இப்போது. பாரம் ஏறியதுபோல் இருந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் தாழ்ந்து, தண்ணீர் ஓரப்பலகைக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. அவள் முன்கண்ணாடியை மட்டும் பார்த்தாள். பின்பக்கம் திரும்பவில்லை. கழுத்து திரும்பச் சொன்னது. திரும்பவில்லை. பொசுங்கிய மயிர் வாடை அறைக்குள் நிறைந்தது. அவன் குரல் மட்டும் தளத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது, தாலாட்டுபோல. கரைக்கு. கரைக்கு. கரைக்கு.

"அண்ணி." குழாயில் கொழுந்தனின் குரல் மெலிந்திருந்தது. "மேல யாரு நடக்குறது?"

"யாரும் இல்ல."

"நிறைய பேர் நடக்குறாங்க அண்ணி. என் தலைக்கு மேல. வெறுங்காலோட. ஒவ்வொருத்தரா ஏறி ஏறிக் குதிக்கிற சத்தம் இன்னும் கேக்குது."

அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். "கதவைச் சாத்திக்கோ. தாழ்ப்பாள் போடு. நான் வந்து தட்டுற வரைக்கும் திறக்காதே. யார் குரல் கேட்டாலும் திறக்காதே. அண்ணன் குரல் கேட்டாலும்."

குழாய் வழியே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணன்தான் தட்டுறான் அண்ணி," என்றான். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறான்."

"திறக்காதடா!"

தாழ்ப்பாள் நகரும் சத்தம். அப்புறம் குழாயிலிருந்து சூடான காற்று மட்டும் வந்தது. அடுப்பின் வாயிலிருந்து வருவதுபோல. அவள் காதோரம் சுட்டது.

அலைதடுப்புச் சுவர் நழுவிப் பின்னால் போனது. பனி கலைந்தது. வெயில். ஜெட்டி பளிச்சென்று எதிரே இருந்தது. பனியில் எருமை ஊதிக்கொண்டு வந்த சங்கொலி கேட்டு ஆட்கள் கூடியிருந்தார்கள். எடைமேடைக்காரர், மீன் கூடை தூக்கும் பெண்கள், வேலை முடிந்து படகுக்குக் காத்திருக்கும் கூட்டம். கயிறு வாங்கிக் கட்டுகிறவன் முன்னால் வந்து நின்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

தளத்தில் இடமில்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். தலை இருந்தவர்கள். இல்லாதவர்கள். தோல் கருகி எண்ணெய்போல மின்னியது. கைகள் கொக்கிபோல வளைந்து இறுகிக் கிடந்தன. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்க, அவள் புருஷன் எல்லோரையும்விட உயரமாக நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அவன் தம்பி. தம்பியின் முகத்திலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

சுக்கானை முழுக்க ஒடித்துத் திருப்பினாள். எருமை கேட்கவில்லை. பாரம் ஏறிய படகு சொன்னவுடன் கேட்காது. இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் குழாயில் அலறினாள். கீழே கேட்க ஆள் இல்லை. சங்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். சங்கு ஊளையிட்டது. ஜன்னலில் உடம்பைப் பாதி வெளியே தள்ளி, ஓடுங்க, ஓடுங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். சங்குச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கயிறு போட நிற்கும் புருஷனைத் தவிர வேறு எவரும் கண்ணில் படாததுபோலக் கூட்டம் கையசைத்தது.

புருஷன் மூன்று விரல் கையில் கயிற்றுச் சுருளை எடுத்தான். நல்ல வேலைக்காரன் செய்வதுபோல ஒருமுறை ஆட்டிப் பார்த்து, வீசினான். கயிறு வெயிலில் மெல்ல அவிழ்ந்துகொண்டே போனது.

ஜெட்டியில் நின்றவன் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் உயர்த்தி அதைப் பிடித்தான்.